பூட்டுக்கு ஒரு சொட்டு

ஜூலை 1, திங்கள்

இந்த நோட்டு நான் ஆசைப்பட்டு வாங்கியது இல்லை. என் வீட்டுக்காரருடைய உத்தரவு.

நேற்று மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்ததும் வழக்கம்போல வாட்சைக் கழற்றி, ஸ்டீல் செயினைக் கழுவித் துடைத்து, செயினின் மடக்குப் பூட்டுக்கு எண்ணெய் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை அது, இந்த வாட்சை வாங்கின நாளிலிருந்து பார்க்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மறுபடியும் கழுவினார். மறுபடியும் எண்ணெய் வைத்தார். நாலு மணிக்குக் காப்பியோடு போய்ப் பார்த்தால் மேஜையில் கிண்ணம், பிரஷ், எண்ணெய்ப் புட்டி எல்லாம் மூன்றாவது தடவையாக வரிசையில் நிற்கின்றன.

"ஏங்க, காலையிலயே போட்டாச்சுல்லா. எத்தனை தடவைதான் போடுவிய?"

"எப்பட்டி போட்டேன்?"

"ரெண்டு தடவை போட்டிய. ரெண்டு தடவையும் பாத்தேன்."

"லாக் புக்ல எழுதியிருக்கா?"

"லாக் புக்கா? இது வீடு. கப்பல் இல்ல."

"எழுதலைன்னா செய்யலை. அவ்வளவுதான்" என்று பல்குச்சியை எண்ணெயில் முக்கினார்.

முப்பத்தொரு வருஷம் கப்பல் இன்ஜின் அறையில் இருந்தவர். கடைசிப் பதினாலு வருஷம் சீஃப் இன்ஜினியர். அங்கே எண்ணெய் வைத்த ஒவ்வோர் இடமும் நேரத்தோடு நோட்டில் ஏறுமாம். ஏறாவிட்டால் அடுத்து வருகிறவன் மறுபடி வைப்பான். அவர் சொல்வதில் தப்பே கிடையாது, அதுதான் என் எரிச்சல். போன மாதம் நான் எண்ணெய்ப் புட்டியை ஒளித்து வைத்ததற்குத் தேங்காய் எண்ணெயை எடுத்து வைத்தார். மூன்று சட்டைக் கை பாழ்.

ஆகவே இன்று கடைக்குப் போய் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்தேன். முதல் பதிவு: காலை 10.20. செயின் கழுவினார். பூட்டுக்கு ஒரு சொட்டு. கையெழுத்து, கன்சீலியா.


ஜூலை 2, செவ்வாய்

காலை 9.40. கழுவி எண்ணெய் வைத்தார். மத்தியானம் கிண்ணத்தை எடுத்தார், நோட்டைக் காட்டினேன், படித்தார், கிண்ணத்தைத் திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே இந்த நோட்டை வாங்கித் தொலைத்திருக்கலாம்.


ஜூலை 4, வியாழன்

இப்போது வாட்ச் கழுவுவது தினசரி வேலை ஆகிவிட்டது. ஞாயிறு மட்டும் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கு எல்லா நாளும் ஞாயிறாகத்தான் இருக்கிறது.

சிங்கப்பூரில் வாங்கிய சுவிஸ் வாட்ச். சீஃப் இன்ஜினியர் ஆன அன்றைக்கு வாங்கினார். அந்த விலைக்கு இந்தத் தூத்துக்குடியில் ஒரு மனை வாங்கியிருக்கலாம் என்று அன்று நான் அழுத அழுகை எனக்கு மறக்கவில்லை. அவருக்கு மறந்துவிட்டது. சில மறதிகள் எனக்குச் சாதகம்.

இன்று பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பார்த்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. மகள் டெல்ஃபினின் பிள்ளை விட்டுப்போன குட்டிப் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்க்கிறார். நல்ல தண்ணீரில் அலசி, பழைய பனியனில் ஒற்றி, ஹேர் டிரையரின் குளிர்காற்றில் காய வைக்கிறார். பூட்டுக்குள் ஈரம் இருந்தால் எண்ணெய் நிற்காதாம். அப்புறம் பல்குச்சி நுனியில் எண்ணெய் தொட்டு, மடிப்பு ஆணியில் ஒரு பொட்டு, கொக்கி கவ்வுகிற இடத்தில் ஒரு பொட்டு. பத்துத் தடவை திறந்து மூடுகிறார், வெளியே கசிந்ததைத் துடைக்கிறார்.

"எண்ணெய் கண்ணுக்குத் தெரியக் கூடாது கன்சி. தெரிஞ்சா அது அதிகம். அதிகமானா தூசியைக் கூப்பிட்டு உள்ள உக்கார வைக்கும்."

பூட்டு 'டிக்' என்று விழுந்தது. அந்தப் பதினைந்து நிமிஷமும் அவர் முழுசாக இருந்தார். கை ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. எழுந்து நின்றதும், "இன்னிக்கு எந்தத் துறைமுகம்?" என்று கேட்டார்.

மாடியில் துணி எடுக்கப் போனேன். வாளியோடு இறங்கும்போது நெஞ்சுக்குள் வாயு பிடித்துக்கொண்டது. படியில் கொஞ்சம் உட்கார்ந்ததும் போய்விட்டது. பருப்பு வடை வேலை.


ஜூலை 7, ஞாயிறு

டெல்ஃபின் சென்னையிலிருந்து வீடியோவில் பேசினாள். எங்கள் ஒரே மகள். அவளுக்கு ஆபீஸ், பிள்ளைகள், மாமியார் எல்லாம் இருக்கின்றன. அப்பாவைப் பற்றிய கவலைக்கு ஞாயிறு மாலை அரைமணி நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறாள். குறை சொல்லவில்லை. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தபோது என் அம்மாவுக்கு அதுகூட ஒதுக்கவில்லை.

"ஏம்மா முகம் வெளுத்திருக்கு?"

"பவுடர்."

"நீங்க எப்ப பவுடர் போட்டிய? அம்மா, நெசமா சொல்லுங்க. நல்லாத்தான இருக்கிய?"

"கல்லு மாதிரி இருக்கேன்."

"மதுரைல அந்த முதியோர் ஹோம்ல மறுபடி பேசினேன். இடம் இருக்காம். இப்ப சொல்லலை. உங்களுக்கு ஒண்ணுன்னா அப்பாவை யாரு பாப்பா? அன்னிக்கு அங்கதான் விடணும், வேற வழி இல்ல. இதை நீங்களும் ஒத்துக்கிட்டிய."

ஒத்துக்கொண்டேன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மறதிக்குக் காட்டப் போன இடத்தில், திருநெல்வேலி டாக்டர் அவரை ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்துப் பார்த்தே வரைந்தார். பன்னிரண்டு எண்களும் ஒரே பக்கத்தில் போய் நெரிந்து நின்றன. வெளியே வந்து காரில் உட்கார்ந்து நானும் டெல்ஃபினும் செய்துகொண்ட ஒப்பந்தம் இது. நான் நன்றாக இருக்கிறவரைக்கும் அவர் இந்த வீட்டில். எனக்கு முடியாமல் போனால் மதுரை.

அந்த ஹோமைப் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. வாட்ச், மோதிரம் எதுவும் கூடாது, தொலைந்தால் பொறுப்பு இல்லை என்று சுவரில் எழுதியிருந்தது.

ஆகவே நான் நன்றாக இருக்கிறேன்.


ஜூலை 10, புதன்

நோட்டை இன்ஸ்பெக்ஷன் செய்தார். ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, பக்கத்தை மூன்று கட்டமாகப் பிரித்துக் கொடுத்தார்: நேரம், வேலை, குறிப்பு.

"குறிப்புல ஒண்ணுமே இல்லியே?"

"என்ன எழுதணும்?"

"எது வித்தியாசமா இருந்தாலும் எழுதணும். சத்தம், சூடு, நடுக்கம். எத்தனை மணிக்கு, எவ்வளவு லோடுல, எவ்வளவு நேரம். சின்னதுதானேன்னு விட்டுட்டுப் போறவன் கப்பல்ல இருக்கக் கூடாது."

"தப்பா எழுதிட்டா?"

"அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. மேல ஒத்தைக் கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல இனிஷியல் போடணும். அடிச்சது என்னன்னு அடுத்தவனுக்குத் தெரியணும்."

வாட்ச் பூட்டில் என்ன நடுக்கம் வரப்போகிறது? கட்டத்தைக் காலியாக விட்டால் திட்டுவார். என் சங்கதியை எழுதி நிரப்பினேன். காலை 8.15, மொட்டைமாடி, ஈரத்துணி வாளி, வாயு, ஐந்து நிமிஷம். எழுதினதைப் படித்துவிட்டுத் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.


ஜூலை 12, வெள்ளி

காலை 10.05, ஒரு சொட்டு. குறிப்பு: தண்ணீர்க் குடம் தூக்கும்போது வாயு, ஐந்து நிமிஷம். ஓமத் தண்ணீர் குடித்தேன்.


ஜூலை 15, திங்கள்

ராத்திரி பூராவும் எழுப்பிக்கொண்டே இருந்தார். விடியும்போது எனக்கு எலும்பெல்லாம் கழன்று கிடந்தது. காலையில் அவர் கிண்ணத்தைத் தேடுவதற்குள், வெந்நீர் வைக்க, பக்கத்தில் உட்கார, கொட்டினதைத் துடைக்க முடியாமல், நோட்டில் நானே எழுதிவிட்டேன்: காலை 7.00, கழுவி, ஒரு சொட்டு.

வந்தார், அந்த வரியை மட்டும் படித்தார், "சரி" என்றார். பேப்பர் பார்க்கப் போய்விட்டார்.

இவ்வளவு சுலபமா?


ஜூலை 16, செவ்வாய்

காலை 7.00. கழுவி, ஒரு சொட்டு. (அவர் படித்துவிட்டுப் போன பிறகு எழுதுகிறேன்: இல்லை.)

குறிப்பு: மொட்டைமாடி பாதிப் படியில் வாயு. ஏழு நிமிஷம்.


ஜூலை 18, வியாழன்

ஆடிக் காற்று தொடங்கிவிட்டது. ஜன்னலைச் சாத்தினாலும் மேஜையில் மண். சோற்றில் மண். நாலு நாளாக நோட்டில் எண்ணெய் போய்க்கொண்டிருக்கிறது, பூட்டுக்கு ஒரு பொட்டுகூடப் போகவில்லை. மிச்சமாகும் நேரத்தில் கட்டிலில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்க்கிறேன். சொர்க்கம் என்றால் எனக்கு இனிமேல் ஒரு மின்விசிறி போதும்.


ஜூலை 19, வெள்ளி

வாட்ச் தொலைந்துவிட்டது.

சாயங்காலம் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறார்கள், கூட்டம், புழுதி. மாதா சிலை இருக்கிற கெபி முன்னால் மெழுகுதிரி கொளுத்திவிட்டுத் திரும்பும்போது கையைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது.

தேடினோம். மணலில் முழங்கால் போட்டுத் தேடினார், எழுபத்தொரு வயதில். வேட்டியெல்லாம் மண். நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"தானா கழண்டிருக்கும்ங்க."

"எப்படிக் கழளும்? காலையில கழுவி எண்ணெய் போட்டிருக்கு. லாக் புக்ல இருக்கு. அஞ்சு நாளா ஒரு நாள் தவறாம இருக்கு. அந்தப் பூட்டு தானா திறக்காது. எவனோ கழட்டியிருக்கான்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் திருடனைத் திட்டிக்கொண்டு வந்தார். நான் கேட்டுக்கொண்டே நடந்தேன். நடுவில் இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. வாயு.


ஜூலை 20, சனி

கெபி வாசலில் பூ விற்கிற அம்மா காலையில் கொண்டுவந்து தந்தாள். கூடையைத் தூக்கும்போது அடியில் கிடந்ததாம். அவளைக் கும்பிட்டேன், வேறென்ன செய்வது?

பூட்டைத் திறந்து பார்த்தேன். வியர்வை உப்பும் மண்ணும் கலந்து கொக்கிக்குள் அப்பிக் கிடக்கிறது. மூடினால் 'டிக்' சத்தம் வரவில்லை. பாதி கவ்வுகிறது, கையை உதறினால் விட்டுவிடுகிறது.

அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். "ஏங்க. அஞ்சு நாளா எண்ணெய் போடலை. நாந்தான் பொய்யா எழுதுனேன்."

நோட்டை எடுத்து அந்தப் பக்கங்களைப் புரட்டினார்.

"ஏன்?"

"முடியலைங்க."

"முடியலைன்னா முடியலைன்னு எழுதணும். செய்யலைன்னு எழுதினா அடுத்தவன் செய்வான். செஞ்சாச்சுன்னு எழுதிட்டா ஒருத்தனும் தொடமாட்டான், கன்சி."

திட்டியிருந்தால் தேவலை. ஐந்து பதிவையும் ஒற்றைக் கோடு போட்டு அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'க' போட்டேன். அப்புறம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பூட்டைக் கழுவினோம். தண்ணீர் காப்பி நிறத்தில் வந்தது, மூன்று தண்ணீர் மாற்றினோம். காய வைத்து, பொட்டு வைத்து, அவர் பத்துத் தடவை திறந்து மூடினார். ஆறாவது தடவையில் சத்தம் திரும்பி வந்தது.

மத்தியானம் தூங்கி எழுந்ததும் அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. பொய் எழுதினதை ஞாபகம் வைத்திருக்க நான் மட்டும்தான் பாக்கி.


ஜூலை 23, செவ்வாய்

காலை 9.50, ஒரு சொட்டு. உண்மையாகவே.

குறிப்பு: கடைத்தெருவுக்கு நடந்து போனேன், மீன் பைகூட இல்லை, வெறுங்கை. பாதியில் வாயு. இந்தத் தடவை தாடையும் சேர்ந்து வலித்தது. பல்லாக இருக்கும். பத்து நிமிஷம் மருந்துக்கடை வாசலில் உட்கார்ந்தேன். வாயு மாத்திரை வாங்கினேன்.

கடைக்காரத் தம்பி ஒரு மாதிரிப் பார்த்தார். "அக்கா, ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்துருங்க."

எடுக்கலாம். ஈசிஜி எடுத்தால் ரிப்போர்ட் வரும். ரிப்போர்ட் வந்தால் டெல்ஃபின் வருவாள். டெல்ஃபின் வந்தால் மதுரைக்குக் கார் வரும். திருவிழா முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.


ஜூலை 26, வெள்ளி

இன்று கொடியேற்றம். வேட்டுச் சத்தம் வீட்டிலேயே கேட்டது. மாடிக்கு ஏறினால் கொடி தெரியும். ஏறவில்லை.

அவர் மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "என்ன கப்பல் வந்திருக்கு?" என்றார்.

குறிப்பு: குளியலறையிலிருந்து கட்டில்வரை நடந்ததில் வாயு. பன்னிரண்டு நிமிஷம். ரொம்ப அசதி. தினமும் இதை எழுதுவதே ஓர் அசதி.


ஜூலை 27, சனி

பிற்பகல் 2.00. நோட்டு முதல் பக்கத்திலிருந்து பரிசோதிக்கப்பட்டது. வாட்ச் பூட்டு: நல்ல நிலை.

நோட்டில் கோளாறு எட்டு முறை பதிவாகியுள்ளது. எட்டும் லோடு ஏறும்போது. லோடு இறக்கியதும் நின்றுவிடுகிறது. முதலில் மாடிப்படி, வாளியுடன். பிறகு வாளி இல்லாமல் கடைத்தெரு. இப்போது குளியலறை தூரம். கோளாறு வரத் தேவையான லோடு குறைந்துகொண்டே வருகிறது. நிற்க எடுக்கும் நேரம் ஐந்து, ஏழு, பத்து, பன்னிரண்டு.

வாயு லோடு பார்த்து வராது. 'வாயு' என்று எழுதியவை தவறான பதிவுகள். அடிக்கப்பட்டன.

செய்ய வேண்டியவை:
1. இன்ஜினுக்கு லோடு தரக் கூடாது.
2. டெல்ஃபினுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும்.

ரெமிஜியுஸ், சீஃப் இன்ஜினியர்.


ஜூலை 28, ஞாயிறு

மேலே இருப்பது என் கையெழுத்து இல்லை. இன்று காலைவரைக்கும் நான் அதைப் பார்க்கவே இல்லை. நேற்று மத்தியானம் மாத்திரை போட்டுவிட்டு அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினேன். எழுந்தபோது மணி ஐந்தரை. அவர் ஹாலில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காப்பி கேட்டார், கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காலை எட்டு மணிக்கு வாசலில் டெல்ஃபின் நிற்கிறாள், கையில் பெட்டி. ரயிலில் இரவு முழுக்க உட்கார்ந்தே வந்திருக்கிறாள்.

அவருக்குத்தான் முதல் ஆச்சரியம். "நீ எப்பட்டி வந்த? சொல்லாம கொள்ளாம வந்திருக்க?"

டெல்ஃபின் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, எத்தனை நாளா நெஞ்சு வலிக்கி?"

"வலியா? யாரு சொன்னா? கொஞ்சம் வாயு..."

போனை எடுத்து நீட்டினாள். நேற்று மத்தியானம் 2.20 முதல் 4.50 வரை, 'அப்பா', 'அப்பா', 'அப்பா' என்று திரை நிறைய இருந்தது. பதினேழு கால். அவர் போனில் டெல்ஃபின் படம் ஒட்டின பெரிய பட்டன் இருக்கிறது, அதை அமுக்கினால் போதும்.

"மொதத் தடவை பேசும்போது அப்பா கப்பல்ல இருக்கற நெனப்புல பேசுறாருன்னு நெனச்சேன். சரிப்பான்னு வச்சிட்டேன். பத்து நிமிசத்துல மறுபடி. மறுபடி. எல்லாத் தடவையும் ஒரே வார்த்தைம்மா, ஒண்ணுகூட மாறலை. 'டெல்ஃபின், அப்பா பேசுதேன். அம்மா நெஞ்சுல கோளாறு இருக்கு. எட்டுத் தடவை வந்திருக்கு. லோடு ஏத்தக் கூடாது. நீ உடனே வரணும்.' உங்களுக்கு அடிச்சேன், போன் ஆஃப்னு வந்துச்சு. ஆறாவது தடவையில டிக்கெட் போட்டேன். போட்டுட்டேன்ப்பா, வாரேன்ப்பான்னு சொன்னேன். சரின்னாரு. மறுபடி கூப்பிட்டாரு."

அப்போதுதான் நோட்டைத் திறந்தேன். என்னுடைய 'வாயு' ஒவ்வொன்றின் மேலும் ஸ்கேல் வைத்து இழுத்த ஒற்றைக் கோடு. பக்கத்தில் சின்னதாக 'ரெ'. அடித்தது என்னவென்று நன்றாகப் படிக்க முடிந்தது.

கீழே இரண்டாவது வேலைக்குப் பக்கத்தில் டிக் இல்லை. போன் செய்திருக்கிறார், செய்ததை எழுத மறந்திருக்கிறார். எழுதவில்லை என்றால் செய்யவில்லை. நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார். பதினேழு தடவையும் அவருக்கு முதல் தடவை. பதினேழு தடவையும் அந்தப் பயம் புதுசாக வந்திருக்கும்.

முப்பத்தொரு வருஷத்தில் துறைமுகம் துறைமுகமாக நின்று எனக்கு அவர் செய்த போன் கால்கள் எத்தனை என்று எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். மாதத்துக்கு ஒன்று வந்தால் பெரிய விஷயம். நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அவர் வந்து தோளைத் தொட்டு, "ஏன் அழுத? எந்தக் கப்பல்ல இருந்து செய்தி?" என்று கேட்டார்.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி. நோட்டைக் கொடுங்க என்று டெல்ஃபின் கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.


ஆகஸ்ட் 1, வியாழன்

இன்றுதான் எழுத விட்டார்கள். இரண்டு இடத்தில் அடைப்பாம், ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. டெல்ஃபின் அந்த டாக்டரிடம் நோட்டைக் காட்டியிருக்கிறாள். "இந்தக் குறிப்பை எழுதின டாக்டர் யாரு?" என்று கேட்டாராம்.

நானாகவே பேச்சை எடுத்தேன். எத்தனை நாள் தள்ளிப்போடுவது?

"மதுரைக்குச் சொல்லிட்டியா?"

"எதுக்கு?"

"ஒப்பந்தம் அப்படித்தானே? எனக்கு முடியாமப் போனா..."

டெல்ஃபின் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சுளையை என் கையில் வைத்தாள்.

"அவரை அங்க அனுப்பிட்டா உங்களை யாரும்மா பாத்துக்குவா?"

விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. சிரிக்கப் பார்த்தேன், தையல் போட்ட மாதிரி நெஞ்சு இழுத்தது. பத்து நாள் லீவு போட்டிருக்கிறாளாம். அதற்கப்புறம் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓர் ஆண் உதவியாளர் வருவார், சமையலுக்கு ஒரு பெண் வருவாள். நான் மாடிப்படியில் கால் வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். வேண்டாம் என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டும்.


ஆகஸ்ட் 5, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டேன். மாதா சப்பரம் தெருமுனை தாண்டிப் போனது. கட்டிலில் இருந்தபடியே பாண்டு வாத்தியம் கேட்டேன்.

நான் இல்லாத நாட்களில் நோட்டை டெல்ஃபின் எழுதியிருக்கிறாள். ஆகஸ்ட் 2, காலை 9.15, ஒரு சொட்டு. ஆகஸ்ட் 3, ஒரு சொட்டு, கிண்ணத்தைத் தட்டிவிட்டார், இரண்டு பேரும் சண்டை போட்டோம். ஆகஸ்ட் 4, முடியலை, செய்யலை. என் மகள் என்னைவிட நல்ல பதிவுக்காரி.

மத்தியானம் படுத்திருந்தேன். மேஜையில் அவர் நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. புரட்டுவது நின்றது. கொஞ்ச நேரத்தில் அடுத்த அறையில் டெல்ஃபினின் போன் அடித்தது.

"சொல்லுங்கப்பா."

"டெல்ஃபின், அப்பா பேசுதேன். அம்மா நெஞ்சுல கோளாறு இருக்கு. நீ உடனே வரணும்."

"வாரேன்ப்பா. இந்தா கிளம்பிட்டேன்."

அரை நிமிஷத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள். அவருக்கு எவ்வளவு சந்தோஷம்! "பரவாயில்லியே, வேகமா வந்துட்ட" என்றார்.

அவர் தூங்கினதும் பேனாவை எடுத்துக்கொண்டு அவர் எழுதின அந்தப் பக்கத்தைத் திறந்தேன். டிக் போட்டு, தேதியும் நேரமும் எழுதிவிட்டால் முடிந்துவிடும். பாவம், எத்தனை தடவைதான் பதறுவார்? டெல்ஃபின் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போடாதீங்கம்மா."

"நீ ஊருக்குப் போனப்புறமும் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரு. ஆபீஸ்ல உசிரை வாங்குவாரு."

"வாங்கட்டும். உங்களைக் கேட்டா கல்லு மாதிரி இருக்கேம்பிய. இந்த வீட்டுல எனக்கு உண்மையச் சொல்ல அவரை விட்டா வேற யாரு இருக்கா?"

பேனாவை மூடினேன்.


ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலை 9.30. செயின் கழுவினார். பூட்டுக்கு ஒரு சொட்டு. சத்தம் சரியாக இருக்கிறது.

குறிப்பு: குளியலறைவரை நடந்தேன். வலி இல்லை. களைப்பாக இருக்கிறது. ரொம்ப நாளாகவே.